மறுவருகை விகிதம்

நகராட்சி மின்மயானத்தின் இணையப் பக்கம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது. வேலை செய்யாத ஒன்றை எந்த அதிகாரியும் தேடி வந்து சீர்திருத்துவதில்லை.

பக்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. மேலே ஒரு வரி: 'உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்.' அதன் கீழே, இன்றைக்கும் நாளைக்கும் எந்தெந்த நேரம் காலியாக இருக்கிறது என்ற விவரம். உடலைக் கொண்டுவரும்போது என்னென்ன சான்று கையில் இருக்க வேண்டும் என்ற குறிப்பு. கடைசியில் ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணை அழைத்தால் பதிவக்கா எடுப்பாள்.

அவளுக்கு வேறு பெயர் இருந்தது, ஆனால் அது சம்பளப் பட்டியலோடு சரி. பதிவு செய்கிறவள் என்பதால் பதிவக்கா. அவளைவிட வயதில் மூத்த உலைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். வாசலை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. ஒரு ஜன்னல் வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்திருக்கும், ஒரு கதவு நீளமான பெஞ்சுகள் போட்ட கூடத்துக்குத் திறக்கும். தொலைபேசி அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். "சொல்லுங்க. யாரு தவறினது?" என்பாள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அழைத்தவர்கள் அழுது முடித்துப் பதில் சொல்லும்வரை நேரம் கொடுப்பாள். அவசரப்படுத்தமாட்டாள்.

பக்கத்தைச் செய்து கொடுத்தது அவளுடைய தம்பி. பேக்கரி, பல் மருத்துவமனை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி என்று ஊரில் பலருக்கும் தளம் கட்டித் தருவது அவன் பிழைப்பு. அக்காவுக்காக ஒரு மத்தியானத்தில் செய்து முடித்துவிட்டான். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று அவள் கேட்டபோது, தேநீரை ஆற்றிக்கொண்டே விளக்கம் சொன்னான்.

"ஒவ்வொரு தளத்தையும் முதல்லேருந்து கட்டறதுங்கறது, ஒரு சட்டை வேணும்னா பருத்தி விதைக்கறதுலேருந்து ஆரம்பிக்கிற மாதிரிக்கா. இதுக்குன்னு சட்டகம் இருக்கு. தலைப்பு எங்க, பட்டியல் எங்க, போன்ல பார்த்தா எப்படிச் சுருங்கணும், எல்லாம் தயாரா இருக்கும். அதுக்குத் தாய்த் தீம்னு பேரு. அதுக்குக் கீழ நமக்கு வேண்டியதை மட்டும் மாத்தி ஒரு சேய்த் தீம் வெச்சுக்கணும். நாளைக்குத் தாயைப் புதுப்பிச்சாலும் சேய்ல நாம பண்ணினது கலையாது."

"அப்ப சேய் தாய் பேச்சைக் கேக்கும். ஆனா அதுக்குன்னு ஒரு புத்தியும் உண்டு."

"அதேதான்."

"நம்ம வீடு மாதிரி இல்லைன்னு சொல்லு" என்றாள் அக்கா.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், நகராட்சியின் இணைய ஒருமைப்பாட்டு இயக்ககத்துக்குத் தலைவராக இருந்த இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். அங்கே யாரோ ஒருவர் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் சட்டகத்தின் நன்மைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். இயக்குநர் அதில் பாதியைக் கேட்டார். எந்தப் பாதி என்பது பின்னால்தான் ஊருக்குத் தெரிய வந்தது.

எல்லா அலுவலகங்களிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. மயானத்திலிருந்து பதிவக்கா போனாள். பெரிய கூடம். முன்வரிசையில் மெத்தை நாற்காலிகள், பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நூலகத்துக்காரர், உயிரியல் பூங்காக்காரர், திருமணப் பதிவாளர், நீச்சல் குள மேலாளர் எல்லோரும் வந்திருந்தார்கள். இயக்குநர் ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நண்பர்களே, நூலகத்துக்கு ஒரு முகம். பூங்காவுக்கு ஒரு முகம். மயானத்துக்கு ஒரு முகம். ஒரே நகராட்சிக்கு இத்தனை முகமா? இதனால என்ன ஆகுது? பொதுமக்கள் ஒரு தளத்துக்குள்ள போனதுமே தாங்க எந்த அலுவலகத்துக்கு வந்திருக்கோம்னு கண்டுபிடிச்சிடறாங்க. இந்தப் பாகுபாட்டை இனி அனுமதிக்க முடியாது."

கை தட்டினார்கள். பதிவக்காவும் தட்டினாள். பக்கத்தில் இருப்பவர்கள் தட்டும்போது தட்டாமல் இருப்பது மரியாதை இல்லை.

"சட்டகத்தோட முதல் நன்மை நேரம் மிச்சம். ஒரு மாசம் ஆகிற வேலை ஒரு நாள்ல முடியும். மிச்சமாகிற நேரத்தை என்ன செய்யறதுன்னு தீர்மானிக்க ஒரு குழு போட்டிருக்கேன். அது வருஷம் முழுக்கக் கூடும். ரெண்டாவது நன்மை, ஒரு இடத்தில மாத்தினா எல்லா இடத்திலேயும் மாறும். அதாவது தப்பு நடந்தா அது எல்லார்கிட்டயும் சமமா நடக்கும். தனியா ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேள்வி கேக்கற பழைய வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி. குறிப்பா என்னை."

எந்த அலுவலகத்தின் தளம் தாயாக இருப்பது என்பதில் கொஞ்சம் போட்டி இருந்தது. நூலகத்தின் பெயர் அடிபட்டது. அதில் எழுத்துகள் அதிகம் என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் படங்கள் பளிச்சென்று இருந்த நீச்சல் குளம் தாயாயிற்று. குள மேலாளருக்கு அங்கேயே வாழ்த்துச் சொன்னார்கள். அவர் நெளிந்துகொண்டு, "எல்லாம் உங்க ஆதரவு" என்றார். அதற்குப் பிறகு வரும் சுற்றறிக்கைகளில் அவர் 'தாயின் பொறுப்பாளர்' ஆனார்.

அன்று மாலை பதிவக்கா தம்பியிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் சந்தோஷப்பட்டான்.

"நல்ல விஷயம்தான்க்கா. சரியாப் பண்ணினா எல்லாருக்கும் சௌகரியம். ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு சேய்த் தீம் போட்டுக் கொடுத்துடுவாங்க இல்ல?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாம இருக்க மாட்டாங்க" என்றான் தம்பி. நகராட்சியில் வேலை பார்த்ததில்லை அவன்.

திறப்பு விழா நடந்தது. ஒரு கணினியின் குறுக்கே ரிப்பன் கட்டி, இயக்குநர் கத்தரித்தார். திரையில் நீல நிறத்தில் நீர் அலையடித்தது. மறுநாள் காலை பதிவக்கா தன் அறையில் உட்கார்ந்து மயானத்தின் புதிய தளத்தைத் திறந்தாள்.

முதலில் ஒரு குழந்தை தண்ணீரில் குதித்தது. அதன் மேல் பெரிய எழுத்தில் 'வாருங்கள்! மூழ்குங்கள்! புத்துணர்ச்சி பெறுங்கள்!' என்று வந்தது. கீழே போனாள். எங்கெல்லாம் 'நீச்சல்' என்று இருந்ததோ அங்கெல்லாம் 'தகனம்' என்று மாற்றியிருந்தார்கள். அந்த அளவுக்குப் பொறுப்பாகத்தான் செய்திருந்தார்கள். 'தகனம் உடலுக்கும் மனதுக்கும் நல்லது.' 'ஆரம்பநிலையினருக்குப் பயிற்சியாளர் உண்டு.' 'குடும்பத்தோடு வந்தால் சிறப்புச் சலுகை.' 'ஆண்டு முழுவதும் வெப்பம் சீராகப் பராமரிக்கப்படுகிறது.' 'ஈரத் தலையோடு வெளியே செல்ல வேண்டாம்.' அடியில் குழந்தையின் அம்மா சிரித்துக்கொண்டு கையை ஆட்டினாள். 'மீண்டும் வருக!'

உலைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

"வெப்பம் சீரா இருக்குங்கறது மட்டும் உண்மை" என்றார்.

தொலைபேசி எண்ணைத் தேடினாள். இல்லை. எண்ணுக்குப் பதிலாக, 'உங்கள் கேள்விகளைப் பதிவிடுங்கள், பொழுதுபோக்குப் பிரிவு பதிலளிக்கும்' என்று இருந்தது.

அந்த வாரத்திலேயே பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்ததால் சீருடையைக்கூட மாற்றவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். உடல் வெளியே வண்டியில் இருந்தது. கையிலிருந்த செல்போனை அவர் ஜன்னல் வழியாக நீட்டினார்.

"நேரம் பதிவு பண்ணிட்டேன்மா. பண்ணினதும் இது வந்துது. இது சரியான இடம்தானான்னு பாருங்க."

பதிவக்கா வாங்கிப் பார்த்தாள். திரையில் வண்ணத் தாள்கள் பறந்துகொண்டிருந்தன. 'வாழ்த்துகள்! உங்கள் இனிய தருணம் உறுதி செய்யப்பட்டது. நண்பர்களையும் அழைத்து வாருங்கள்!'

போனைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. நகராட்சி சம்பளம் வாங்குகிறவள் என்ற முறையில் அந்த வாழ்த்தை அவளே சொன்ன மாதிரி இருந்தது.

"மன்னிச்சுக்குங்கண்ணா" என்றாள்.

"பரவால்லைம்மா. அவ இதையெல்லாம் பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பா. எங்க போனாலும் போர்டுல இருக்கிற தப்பைப் படிச்சுக் காட்டிட்டே வருவா." அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப நான் சிரிக்கணுமா என்னன்னு தெரியலை."

அதற்குள் இன்னொரு வண்டி உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே மூன்றாவது வண்டி. இறங்கியவர்கள் எல்லோர் போனிலும் வண்ணத் தாள் பறந்தது. எல்லோருக்கும் ஒரே நேரம் உறுதியாகியிருந்தது. நீச்சல் குளத்தில் ஒரே நேரத்துக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இறங்கலாம். தாய்க்கு அது பழக்கம். மயானத்தில் இருப்பது ஒரே ஒரு உலை என்பதைத் தாயிடம் யாரும் சொல்லவில்லை.

"நாங்கதான் முதல்ல பதிவு பண்ணினோம்" என்று ஒரு குடும்பத்தின் மருமகன் சத்தம் போட்டார். "எங்க வீட்டுப் பெரியவரை வெயில்ல போட்டு வெச்சிருக்கணுமா?" என்று இன்னொரு குடும்பத்தில் ஓர் அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். துக்கத்தோடு வந்தவர்கள் வரிசைக்காகச் சண்டை போடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். பதிவக்கா கூடத்துக்கும் வாசலுக்குமாக ஓடினாள், ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கெஞ்சினாள். கடைசியில் ஓட்டுநர்தான் முன்னால் வந்தார்.

"அவங்க ரெண்டு பேரும் முதல்ல முடிக்கட்டும்மா. எனக்கு அவளோட இன்னும் கொஞ்ச நேரம் இருந்த மாதிரி இருக்கும்."

வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறி அவர் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். அவர் முறை வந்தபோது மாலையாகிவிட்டது. எல்லாம் முடிந்து அவர் வாசலைத் தாண்டும்போது போன் ஒரு மணி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். என்ன வந்திருக்கும் என்று பதிவக்காவுக்குத் தெரியும். 'உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?'

மறுநாள் அவள் இயக்ககத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, பளிங்குத் தரை, தொட்டியில் பிளாஸ்டிக் செடி. தாய்ப் பிரிவு என்று போட்டிருந்த அறையில் ஒரு பெரிய மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு மட்டும் தனியா வேணும்னா அது சேய் விவகாரம்மா. எதிர் அறைக்குப் போங்க."

எதிர் அறையில் சேய்ப் பிரிவு. அங்கே இருந்த அம்மையாரின் மேஜையில் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"சேய்த் தீம் வேணும். கொடுக்கலாம்" என்றார் அம்மையார். "ஆனா தாய்ப் பிரிவோட சம்மதம் வேணும்."

பதிவக்கா எதிர் அறைக்குத் திரும்பினாள்.

"சம்மதமா? தாராளமா. ஆனா எந்தச் சேய்க்குன்னு போட்டுச் சம்மதம் கொடுக்கறது? முதல்ல சேய் பிறக்கணும்" என்றார் மீசைக்காரர்.

"சம்மதம் இல்லாம பிறக்காதுன்னு அந்த அம்மா சொல்றாங்களே சார்."

"அது அவங்க பிரிவோட கொள்கை. அடுத்த பிரிவு விஷயத்தில தலையிடறது நாகரிகம் இல்லை."

"இதுவரைக்கும் எந்த ஆபீசுக்காவது சேய் கொடுத்திருக்கீங்களா?"

அவர் யோசித்தார். "இல்லை. அதனாலதான் அந்தப் பிரிவுக்கு நல்ல பேரு. ஒரு புகார்கூடக் கிடையாது."

சரி, புகாராவது கொடுக்கலாம் என்று அவள் கேட்டாள். கொடுக்கலாமாம். ஆனால் அலுவலக ஊழியர் கொடுக்கக் கூடாது, குடும்பத்தாரும் கொடுக்கக் கூடாது. சேவையை நேரடியாக அனுபவித்த பயனாளியே கொடுக்க வேண்டும்.

"எங்க பயனாளி எப்படி சார் வருவாரு?"

"நேர்ல வர முடியலைன்னா இணையம் வழியாவும் கொடுக்கலாம்மா. அதுக்குத்தானே இவ்வளவு வசதி பண்ணி வெச்சிருக்கோம்."

அவள் படியிறங்கி வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். தப்பு அவளிடம்தானோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அத்தனை பெரிய கட்டடம், அத்தனை படித்தவர்கள், எல்லோரும் ஒரே மாதிரி பேசினால் கேட்கிறவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

கொஞ்ச நாளில் ஆய்வுக் கூட்டம் வைத்தார்கள். அதே கூடம். இந்தத் தடவை பெரிய திரையில் ஒவ்வொரு அலுவலகத்தின் மறுவருகை விகிதம் ஓடியது. ஒரு தடவை வந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்ற கணக்கு அது. நீச்சல் குளம் உச்சியில் இருந்தது. நூலகம் பரவாயில்லை. பூங்காவுக்கு விடுமுறை நாட்களில் நல்ல ஏற்றம்.

"திருமணப் பதிவு அலுவலகத்தைப் பாருங்க" என்றார் இயக்குநர் பெருமையோடு. "அங்ககூட சில பேர் ரெண்டாவது தடவை வந்திருக்காங்க! ஒருத்தர் மூணாவது தடவை! அந்த அளவுக்கு அங்க சேவை."

திருமணப் பதிவாளர் எழுந்து கூச்சத்தோடு வணங்கினார்.

அடுத்து திரையில் மயானம் வந்தது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"பூஜ்யம்" என்றார் இயக்குநர். "ஒருத்தர்கூடத் திரும்ப வரலை. யாரும்மா மயானம்? எழுந்திருங்க. ஒரு தடவை வந்தவங்களுக்கு அப்படி என்ன குறை வெச்சீங்க?"

பதிவக்கா எழுந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்ககிட்ட வந்தவங்க... அதோட முடிஞ்சு போயிடுவாங்க சார்."

"இதைத்தான் நான் மனப்பான்மைங்கறேன். முடிஞ்சுதுன்னு நீங்களே நினைச்சா முடிஞ்சுதான் போகும். நீச்சல் குளத்தில அப்படி நினைச்சிருந்தா ஒருத்தராவது கரையேறியிருப்பாங்களா? நான் இந்தப் பதவிக்கு வந்தப்ப எனக்கும் ஒண்ணும் தெரியாது. இப்பவும் தெரியாது. ஆனா நான் திரும்பத் திரும்ப வர்றேன் இல்லையா?"

பலத்த கைதட்டல். பதிவக்கா இந்தத் தடவை தட்டவில்லை, நின்றுகொண்டிருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மயானத்தைத் தூக்கிவிட ஓர் ஆலோசகரை அனுப்பினார்கள். இளைஞர், நல்ல வாசனை. கூடத்தின் பெஞ்சுகளையும் உலையின் கதவையும் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் தன் கருத்தைச் சொன்னார்.

"நீங்க வேலையை ஒரே தடவையில முழுசா முடிச்சிடறீங்க. முழுத் திருப்தி அடைஞ்சவங்களுக்குத் திரும்ப வர என்ன காரணம் இருக்கும்? கொஞ்சம் மிச்சம் வைக்கணும்."

அவர் போன பிறகு உலைக்காரர் வெகுநேரம் உலைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதிவக்கா, அந்தத் தம்பி அரைவேக்காடா அனுப்பச் சொல்றாரா?"

"அப்படித்தான் தெரியுது."

"அவரை மாதிரியா?" என்றார் உலைக்காரர்.

ஆலோசகரின் அறிக்கைப்படி ஒவ்வொரு அலுவலகமும் 'மீண்டும் வருக' என்ற வரியைத் தன் பக்கத்தில் இன்னும் பெரிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்காக எல்லா அலுவலகங்களுக்கும் ஆளுக்கொரு கடவுச்சொல் அனுப்பினார்கள். ஆளுக்கொன்று என்று கடிதத்தில் இருந்ததே தவிர, எல்லோருக்கும் போனது ஒரே கடவுச்சொல்தான். சேய் எதுவும் பிறக்காததால் இருந்தது தாயின் சாவி மட்டுமே. அதைத்தான் படி எடுத்து அனுப்பிவிட்டார்கள். இது பதிவக்காவுக்குத் தெரியாது. அனுப்பியவர்களுக்கும் தெரியாது.

அவள் அன்று உள்ளே நுழைந்தது 'மீண்டும் வருக'வைப் பெரிதாக்கத்தான். எழுத்தின் அளவைக் கூட்டப் போகிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். அப்பாவை அழைத்து வந்திருப்பதாகச் சொன்னாள். 'கொண்டு வந்திருக்கிறேன்' என்று சொல்ல வாய் வராமல் 'அழைத்து' என்றாள். பிறகு போனைக் காட்டி, "ஆன்ட்டி, இதுல ஈரத் தலையோட போகக் கூடாதுன்னு போட்டிருக்கே. அப்பாவைக் குளிப்பாட்டினது இன்னும் காயலை. பரவால்லையா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் முகத்தில் கேலி இல்லை. அவள் நிஜமாகவே கேட்டாள். அப்பாவுக்குக் கடைசியாகச் செய்வதில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்ற பயத்தோடு கேட்டாள்.

"பரவால்லைம்மா. ஒண்ணும் இல்லை. உள்ள வாங்க" என்றாள் பதிவக்கா.

அவளை உட்காரவைத்துவிட்டு அறைக்குத் திரும்பியவள், 'மீண்டும் வருக'வை அழித்தாள். குதிக்கிற குழந்தையை அழித்தாள். சலுகை, பயிற்சியாளர், ஈரத் தலை, நட்சத்திரம், வண்ணத் தாள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அழித்தாள். பழைய பக்கத்தில் எண் மாறினால் எப்படித் திருத்துவது என்று தம்பி எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தது போதுமானதாக இருந்தது. வெறும் பக்கத்தில் தட்டெழுத ஆரம்பித்தாள். 'உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். உடலைக் கொண்டுவரும் நேரத்தை முடிவு செய்ய இந்த எண்ணை அழைக்கவும்.' எண்ணைப் போட்டாள். சேமித்தாள். வேலை போனால் போகட்டும் என்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

விடிந்து அவள் மயானத்து அறைக்குள் நுழைந்ததும் தொலைபேசி அடித்தது. நீச்சல் குள மேலாளர்.

"என்னம்மா இது? எங்க தளத்தில உடலைக் கொண்டு வாங்கன்னு போட்டிருக்கு! காலையில பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்களோட அப்பா அம்மா கதறிட்டு ஓடி வந்திருக்காங்க!"

வைத்ததும் மறுபடி அடித்தது. உயிரியல் பூங்காவுக்கு ஒரு பள்ளிக்கூடம் மலர்வளையம் அனுப்பியிருந்தது. எந்த மிருகத்துக்கு என்று தெரியாமல், பூங்காக்காரர்கள் அதை யானைக்கு வைத்தார்கள். யானை தின்றுவிட்டது. நூலகத்தில் வாசகர்கள் நூலகருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நம்பி, பல வருஷமாகத் தராமல் வைத்திருந்த புத்தகங்களை மனசாட்சி உறுத்தித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திருமணப் பதிவு அலுவலகத்தின் தளத்தைத் திறந்த ஜோடிகளுக்கும் 'உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்'தான். அதைப் படித்து ஒரு மாப்பிள்ளை, இன்னும் ஒரு வாரம் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

எல்லாவற்றுக்கும் உச்சமாக, இயக்ககத்தின் சொந்தத் தளமும் மாறியிருந்தது. இயக்குநரின் சிரித்த முகம் மட்டும் தனியாக ஒட்டியிருந்தபடியால் அழியாமல் நின்றது. அதற்குக் கீழே துயரத்தில் பங்குகொள்ளும் வரி. முந்தைய நாள் மாலையிலிருந்தே அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்து, அவரே கதவைத் திறப்பதைப் பார்த்துத் திகைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பதிவக்கா தொலைபேசியை உலைக்காரரிடம் ஒப்படைத்தாள். நடந்ததை ஒப்புக்கொண்டுவிடுவது என்று கிளம்பினாள். இயக்ககத்து வாசலில் பெரிய கார்கள் நின்றன. நகராட்சித் தளங்களைப் பரிசோதிக்கிற மேலிடத்து ஆய்வுக் குழு ஒன்று அன்றைக்குத்தான் வந்திருந்தது. அவள் இயக்குநரின் அறைக் கதவைத் தள்ளினாள். குழுத் தலைவர், தடித்த கண்ணாடி போட்ட பெரியவர், ஒரு தாளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். இயக்குநரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இருபது வருஷமா நான் தளங்களை ஆய்வு பண்றேன்" என்றார் குழுத் தலைவர். "இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை. எல்லாத் தளமும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. எது எந்த அலுவலகம்னு கண்டுபிடிக்கவே முடியலை. உடனே திறக்குது. போன்ல படிக்க முடியுது. ஒரு எண் இருக்கு. காலையில அந்த எண்ணைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அந்த அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? 'சொல்லுங்க. யாரு தவறினது?' என் அனுபவத்தில எந்த அலுவலகமும் எடுத்த எடுப்பில அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தவறினது யாருன்னு விசாரிக்கிற நேர்மை! எனக்குப் பேச்சே வரலை. அவங்க அவசரப்படுத்தாம அப்படியே காத்திருந்தாங்க."

இயக்குநரின் முகத்துக்கு ரத்தம் திரும்ப ஆரம்பித்தது.

"சார்" என்று கூப்பிட்டாள் பதிவக்கா. இயக்குநர் அவளை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"யார் செஞ்சது இது?"

"நான்தான் சார். தெரியாம..."

"மெதுவாப் பேசுங்க. நீங்க செய்யலை. சட்டகம் செஞ்சது." அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு குழுவின் பக்கம் திரும்பினார். "ஐயா, இது ஒரே ராத்திரியில நடந்ததில்லை. நீண்ட காலத் திட்டம். பிறக்கிற எல்லாரும் ஒரு நாள் துயரப்படத்தான் போறாங்க. அதை ஏன் அலுவலகம் அலுவலகமாப் பிரிக்கணும்? அதுதான் எங்க தத்துவம்."

குழு எழுதிக்கொண்டது. ஒருமைப்பாட்டில் முதலிடம் என்று அன்றைக்கே விருது அறிவித்தார்கள். விருது பெற்ற தளத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் விருது போய்விடும் என்பதால், இனி யாரும் எதையும் தொடக் கூடாது என்று இயக்குநர் உத்தரவு போட்டார். கடவுச்சொல்லை ஓர் உறையில் போட்டு முத்திரை வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

தம்பி இதைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"ஒரு இடத்தில மாத்தினா எல்லா இடத்திலேயும் மாறும்னு என்கிட்ட வர்றவங்களுக்கெல்லாம் சொல்லுவேன்க்கா. அது இவ்வளவு நல்லா வேலை செஞ்சு நானே பார்த்ததில்லை."

"சிரிக்காதடா. ஊரே எனக்குப் போன் பண்ணுது."

உண்மைதான். ஊரில் யாருக்கு நகராட்சியில் என்ன வேலையானாலும் கண்ணில் படுகிற ஒரே எண் அவளுடையது. முதலில் அவள் தவறான எண் என்று சொல்லிப் பார்த்தாள். எதிர்முனையில் இருப்பவர்கள், அப்படியானால் வேறு எங்கே கேட்பது என்று அவளையே கேட்டார்கள். அதனால் மற்ற அலுவலகங்களுக்குப் போன் போட்டு விசாரித்து வைத்துக்கொண்டாள். குளத்தில் பெண்களுக்கு எந்த நேரம், பூங்கா எந்தக் கிழமை மூடல், நூலகத்தில் உறுப்பினராக என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாக மனப்பாடமாயிற்று. அவள் வேறொரு அழைப்பில் இருந்தால் உலைக்காரர் எடுப்பார். "இது மயானங்க. ஆனா சொல்லுங்க" என்பார். நகராட்சியை அழைத்தால் ஒரு மனிதர் எடுக்கிறார் என்ற செய்தி ஊருக்குள் பரவி, நம்பாதவர்கள் சும்மா அழைத்துப் பார்த்தார்கள். மறுவருகை விகிதத்தை இப்போது அழைப்புகளை வைத்துக் கணக்கெடுத்தார்கள். மயானத்தின் கோடு திரையைத் தாண்டி மேலே போயிற்று. அடுத்த கூட்டத்தில் இயக்குநர் அதைச் சுட்டிக்காட்டி, மனப்பான்மை மாறினால் எதுவும் முடியும் என்று வெகுநேரம் பேசினார்.

அந்தக் கூட்டத்துக்குப் பதிவக்கா போகவில்லை. அறையை விட்டு நகர நேரமில்லை. கூடத்தில் ஒரு குடும்பம் காத்திருந்தது. அவர்களுக்கு எல்லாம் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. இளம் பெண் குரல், கொஞ்சம் தயக்கம். பின்னால் ஓர் ஆண் குரல் "கேளு, கேளு" என்று தூண்டிக்கொண்டிருந்தது.

"மேடம், நாங்க கல்யாணத்தைப் பதிவு பண்ணணும். தளத்தில உடலைக் கொண்டுவரும் நேரம்னு போட்டிருக்கு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எத்தனை மணிக்குக் கொண்டுவரணும்?"

பதிவக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வெகு நாளைக்குப் பிறகு அந்த அறைக்குள் சிரிப்பு வந்தது. கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு, அது அடங்கியதும் சொன்னாள்.

"யாரையும் கொண்டுவர வேண்டாம்மா. கையைக் கோத்துக்கிட்டு ரெண்டு பேரும் நடந்தே வாங்க. காலையில வந்தா பதிவாளர் ஆபீசுல கூட்டம் இருக்காது."